மாமாவின் ஏசி30 அம்பிளிபயர்: மட்டக்களப்பில் வால்வு மாற்றப் போன கதை

பியூஸ் போனால் செப்பு இழை சுற்றுவது நமக்குப் புதிது இல்லை. கரண்ட் நின்றதும் அப்பா வயர்த் துண்டைத் தேடுவார், அம்மா மெழுகுதிரியைத் தேடுவார், அப்படியே வளர்ந்தோம். ஆனால் கண்ணாடிக் கதவு, ஏசி, டோக்கன், கழுத்தில் அடையாள அட்டை என்று நடத்துகிற ஒரு ரிப்பெயார் கடை, கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடுகிற, அறுபது வருசப் பழைய கிட்டார் அம்பிளிபயரின் பியூசில் இழையைச் சுற்றிவிட்டு, அதற்கு 2,500 ரூபா பில்லும் போட்டால் என்ன சொல்வது? இந்தமுறை மட்டக்களப்புக்குப் போய் வந்ததில் எனக்கு மனதில் நிற்பது அதுதான். கலியாண வீடு, கோயில், பாசிக்குடா எல்லாம் நன்றாகத்தான் போனது, அதை விடுங்கள்.

அம்பிளிபயர் மாமாவுடையது. வொக்ஸ் ஏசி30, இங்கிலாந்தில் டார்ட்போர்ட்டில் செய்தது. 1959இல் வந்த மொடல். மாமாவிடம் இருந்தது அறுபதுகளின் நடுப்பகுதிச் சாமான். கொழும்பில் ஒரு ஹோட்டல் பாண்ட் கலைந்தபோது வாங்கி ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தாராம். பைலா, கலியாணம், கானிவல் என்று புளியந்தீவில் அதன் சத்தம் கேட்காத தெரு இல்லை. 1978 சூறாவளியில் கூரை ஓடு பறந்தபோதும் படங்குக்குக் கீழே தப்பிவிட்டது. பிறகு வந்த வருசங்களில் பாட்டும் இல்லை, கூட்டமும் இல்லை. மாமா போன பிறகு மாமி அதன்மேல் பூச்சாடி வைத்திருந்தா. இப்போது மச்சானின் மகன் கிட்டார் பழகுகிறான். அவன் அதைத் துடைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறான். முதலில் பாட்டு வந்தது, கொஞ்ச நேரத்தில் உறுமல் வந்தது, பிறகு ஒரு வால்வின் உள்தகடு சிவக்கத் தொடங்கியது. உடனே நிற்பாட்டிவிட்டான். புத்தியுள்ள பிள்ளை.

போனில் வீடியோ அனுப்பினான். நான் லண்டனில் ஸ்பீக்கரை ஓட்டுகிற ஈ.எல்.84 வால்வு நாலு வாங்கினேன். மட்ச் பண்ணிய செட், அதாவது நாலும் ஒரே அளவு கரண்ட் இழுக்கும் என்று பார்த்துச் சேர்த்தது, ஒவ்வொரு பெட்டியிலும் நம்பர் ஒட்டி இருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். சூட்கேசில் சொக்ஸுக்குள் சுற்றி வைத்தேன். வால்வு இன்று உலகத்தில் செய்யும் இடங்களே கொஞ்சம்: ஸ்லோவாக்கியாவில் ஜேஜே, ரஷ்யாவில் சரதோவ், சீனா என்று விரல்விட்டு எண்ணலாம். 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியை நிற்பாட்டியதும் இங்கே கிட்டார்க்காரர் எல்லாருக்கும் விசர் பிடித்தது, கண்ட விலைக்கு வாங்கிப் பதுக்கினார்கள். அந்தத் தட்டுப்பாட்டை நான் மச்சானிடம் போனில் கவலையாகச் சொன்னேன். அவன் அப்போது பெற்றோல் வரிசையில் நிற்கிறான், வீட்டில் 13 மணித்தியாலக் கரண்ட் வெட்டு. அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சரி, கடைக்கு வருவோம். பெயர் வேண்டாம். கவுண்டரில் நின்ற தம்பி பின்பலகையைக் கழட்டிப் பார்த்துவிட்டு, “சேர், வால்வெல்லாம் இப்ப ஒருத்தரும் பாவிக்கிறல்ல. உள்ளுக்கு இரிக்கிறதக் கழட்டிட்டு ஐசி போட் ஒண்டு போட்டுத் தாறம். பெட்டியும் ஸ்பீக்கரும் அப்பிடியே இரிக்கும், புளூடூத்தும் வரும்” என்றான். புளூடூத் வரும் என்று சொன்னபோது அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும். ஒன்றும் கழட்ட வேண்டாம், ஏன் தகடு சிவக்கிறது என்று மட்டும் பாருங்கள் என்றேன். நாளைக்கு வாங்க என்றான். நாளைக்குப் போனால் பொறுப்பானவர் வாழைச்சேனைக்குப் போய்விட்டார். அடுத்த நாள் போயா விடுமுறை. அதற்கடுத்த நாள் “ரெடி சேர்.”

முப்பது கிலோவுக்கு மேல் பாரம். ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து பின்பக்கத்தைப் பார்க்கிறேன், ஸ்பீக்கர் வயர் கழன்று தொங்குகிறது. வால்வு அம்பிளிபயரை ஸ்பீக்கர் இல்லாமல் முடுக்கினால் அவுட்புட் டிரான்ஸ்போமர் எரிந்து போகலாம், வால்வை விட அதுதான் விலை. பியூஸ் கூட்டைத் திருகினேன். கண்ணாடிக் குழாயின் மேலே, இரண்டு மூடியையும் தொட்டுக்கொண்டு, வடிவாக ஒரு செப்பு இழை. மூன்று சுற்று. முனையை உள்ளே மடித்தும் விட்டிருக்கிறார்கள், குத்தாமல் இருக்க.

திரும்பிப் போய்க் கேட்டேன். “வேல செய்யுது தானே சேர்” என்றார் பொறுப்பானவர். பிறகு வாடிக்கையாளர் கருத்துப் படிவம் ஒன்றை நீட்டினார். சிரித்த முகம், அழுத முகம் எல்லாம் அச்சடித்த படிவம். லண்டனில் இருந்து இதையெல்லாம் எடுத்திருக்கிறார்கள், ஒரு சரியான பியூஸ் கட்டையை மட்டும் எடுக்கவில்லை. லண்டனிலும் எனக்குச் சொர்க்கம் இல்லை. அங்கே என் சொந்த அம்பிளிபயரைக் கொடுத்தால் திறந்து பார்க்கவே 60 பவுண், ஆறு கிழமை வரிசை, பிறகு தேவையோ தேவையில்லையோ எல்லா வால்வையும் மாற்றிவிட்டு அச்சடித்த அறிக்கை தருவார்கள். ஆனாலும் பியூஸ் பியூசாக இருக்கும்.

வால்வுக்காரரைக் காட்டித் தந்தது ஓட்டோக்கார அண்ணன்தான். “உங்கட பெட்டிக்கு அந்த அங்கிள்தான் சரி” என்று நேராகக் கொண்டுபோய் விட்டார். ஐரோப்பிய வழிவந்த பறங்கி மனிதர். தச்சு வேலையும் இரும்பு வேலையும் மெசின் வேலையும் தலைமுறையாகச் செய்கிற ஆட்கள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். 2004 மார்கழியில் டச்பாரில் இருந்த பட்டறை கடலோடு போய்விட்டது. மிஞ்சியது மகள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த பிஸ்கட் டின்கள். அந்த டின்களுக்குள்தான் வால்வுகள் இருந்தன.

அவரைப் பிடிப்பது லேசு இல்லை. போன் எடுக்க மாட்டார். பகல் சோறு தின்றால் நாலு மணிவரை நித்திரை. மழை தூறினால் கரண்டில் கை வைக்க மாட்டார். எப்போது முடியும் என்று கேட்டால், “மறுகா பாப்பம் மனே.” லண்டனில் இந்த வசனத்தோடு ஒரு தொழில் நடத்தவே முடியாது. எனக்குத் திரும்பிப் போகிற டிக்கெட் இருக்கிறது அங்கிள் என்றேன். “நீ போவாய். பெட்டி இஞ்சதானே நிக்கும்” என்றார். பதில் சொல்ல ஒன்றும் இல்லை.

பியூசைக் கண்டதும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். “இஞ்ச வந்து பாருகா, கடக்காரன்ட கைவேல!” இழையைக் கழட்டி என் கையில் வைத்தார். “இது உருக முந்தி டிரான்ஸ்போமர் உருகிரும்.” பிறகு கதை நின்றது. நிற்பாட்டிய பின்னும் இந்தப் பெட்டிகளின் பெரிய கொண்டென்சர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கி நிற்கும். கைப்பிடி போட்ட ஒரு ரெசிஸ்டரால் அதை வடித்துவிட்டுத்தான் விரலை உள்ளே விட்டார். நான் கொண்டுபோன புது வால்வுகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. பழைய ஈ.எல்.84 நாலையும் பிடுங்கினார், வெறும் சொக்கெட்டோடு கரண்டைக் கொடுத்தார், பழைய ஏவோ மீட்டரின் ஊசியை 2ஆம் காலில் வைத்தார்.

அந்தக் கால்தான் கிரிட், பாட்டு வால்வுக்குள் போகிற வழி. அங்கே வோல்ட் ஒன்றும் இருக்கக் கூடாது, பூச்சியம் காட்ட வேண்டும். மீட்டர் முள் ஒன்பது வோல்ட்டில் போய் நின்றது. முன்னால் இருக்கிற கப்ளிங் கொண்டென்சர் கசிகிறது. அது பாட்டை மட்டும் விட்டு வோல்ட்டை மறிக்க வேண்டிய சாமான். கசிந்தால் கிரிட் பொசிட்டிவாகும், வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும், தகடு சிவக்கும். புது வால்வு போட்டாலும் அதே கதிதான், லண்டன் மட்ச் செட்டும் ஒரு கிழமையில் சாம்பல். தகடு சிவந்ததற்கு மாமா காலத்து வால்வு காரணமே இல்லை. கடையில் இதைப் பார்க்க ஒரு மீட்டரும் இரண்டு நிமிசமும் போதும்.

630 வோல்ட் கொண்டென்சர் மட்டக்களப்பில் கிடைக்கவில்லை. அங்கிள் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் ஆருக்கோ சொல்லிவிட்டார், பின்னேரம் பஸ்ஸில் போட்டுவிட்டார்கள், விடியச் சாமம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் சட்டைப் பையில் இருந்து எடுத்துத் தந்தார். ட்ரக்கிங் நம்பர் இல்லை, கையெழுத்து இல்லை. லண்டனில் எத்தனை தரம் வீட்டுக்குள் இருக்கும்போதே “நீங்கள் வீட்டில் இல்லை” என்று கார்ட் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்! இந்த பஸ் பார்சலை ஒருத்தரும் திருத்திக் கெடுக்காமல் இருந்தால் சரி.

அவர் வால்வு தெரிந்தெடுத்ததை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், என்னைப் போல பெட்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும். ஏசி30இல் வால்வு இழுக்கும் கரண்டைக் கூட்டிக் குறைக்கிற பயஸ் திருகு கிடையாது, தன்பாட்டில் சரிசெய்துகொள்ளும் கதோட் பயஸ். அதனால் எந்த வால்வைப் போடுகிறோம் என்பதுதான் திருகு. ஈ.எல்.84 தாங்குவது 12 வாட், இந்தப் பெட்டி அந்த எல்லையிலேயே வைத்து ஓட்டும்.

அங்கிளிடம் பழைய ரேடியோகிராம் சட்டம் ஒன்று இருக்கிறது, பெட்டி இல்லை, வெறும் தகடு. அதில் ஒரு ஈ.எல்.84 சொக்கெட். ஒவ்வொரு வால்வாக அதில் குத்தி, ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் சூடாக விட்டு, கதோட் காலில் எத்தனை வோல்ட் (அதில்தான் வால்வு இழுக்கும் கரண்ட் தெரியும்) என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். எழுதி முடிந்ததும் பென்சில் நுனியால் கண்ணாடியில் ஒரு தட்டு. சந்தையில் தேங்காய் தட்டிப் பார்ப்பதுபோலக் காதைச் சாய்த்துக் கேட்டார். மூன்று புது வால்வு ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட ஒரே கணக்கு. நாலாவது எட்ட நின்றது, தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடித்தது. ஒட்டியிருந்த நம்பரின்படி நாலும் ஒன்றுதான். “ஒட்டுறவனுக்கு என்ன, பசை இரிந்தாச் சரி” என்றார்.

டின்னைக் கவிழ்த்தார். பழைய ரேடியோவில் இருந்து கழட்டியவை, பெங்களூர் பெல் கம்பெனி வால்வுகள், ஒன்றிரண்டு இங்கிலாந்து மல்லார்ட். எழுத்து அழிந்திருந்தால் குறைவாக நினைக்காதே, மேல் எழுத்தை ஆரும் அச்சடிக்கலாம், கண்ணாடியின் அடியில் பொறித்த குறியீட்டைப் பார் என்று மச்சானின் மகனுக்குக் காட்டினார். பி என்று தொடங்கினால் மல்லார்ட்டின் பிளக்பேர்ண் தொழிற்சாலை. உச்சியில் வெள்ளிப் பூச்சு பளபளவென்று இருக்க வேண்டும். அது பாலாக வெளுத்திருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, எறி. பொடியன் முன்பக்கத்துச் சின்ன வால்வான ஈ.சி.சி.83க்குப் பதிலாக 81 போட்டால் என்ன என்று கேட்டான். கால்கள் ஒன்றுதான், குத்தலாம்; ஆனால் 83இன் பெருக்கம் 100, 81இன் பெருக்கம் 60, பல் குறைந்த சத்தம் வரும். பிடித்தால் போடு என்றார்.

கடைசியில் இரண்டு புதுசும் இரண்டு பழைய பெல்லும் தெரிந்தெடுத்தார். இந்தப் பெட்டியில் இரண்டு வால்வு தள்ளும், இரண்டு இழுக்கும்; புதுசு இரண்டையும் ஒரு பக்கத்தில் போடவில்லை. தள்ளும் பக்கத்துக்கு ஒரு புதுசு ஒரு பழசு, இழுக்கும் பக்கத்துக்கு ஒரு புதுசு ஒரு பழசு, இரண்டு பக்கத்துக் கூட்டுத் தொகையும் சமன். மிஞ்சிய நல்லது ஸ்பெயார். கரண்டை ஒருவழிப்படுத்துகிற ஜி.ஸெட்.34ஐயும் முன் வால்வுகளையும் தொடவே இல்லை. “வேல செய்யிறதக் கழட்டாத மனே.” எல்லாம் போட்டபின் வால்வுகளைச் சூடாக்குகிற ஹீட்டரை அளந்தார், 6.3 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 6.9. பின்னாலிருந்த வோல்ட் செலெக்டரை ஒரு படி ஏற்றினார், இறங்கிவிட்டது. இவ்வளவு காலமும் வால்வுகள் தேவைக்கு மேல் வெந்துகொண்டு இருந்திருக்கின்றன.

பொடியன் கிட்டாரைக் கொளுவி ஈ கோர்ட் ஒன்று அடித்தான். நான் சின்னவனாக மாமி வீட்டு விறாந்தையில் படுத்துக்கொண்டு கேட்ட அதே சத்தம். அதை எழுதத் தொடங்கினால் அழுகை வரும், வேண்டாம். பக்கத்து வீட்டில் இருந்து ஒரு அக்கா எட்டிப் பார்த்து, டிவி கேக்கல்ல என்றா.

காசுதான் மற்றக் கரைச்சல். எவ்வளவு அங்கிள் என்றால் “பார்த்துத் தா.” கடையில் இழைக்கு 2,500 கொடுத்தவன் இதற்கு எவ்வளவு கொடுப்பது? 15,000 கொடுத்தேன். பாதியைத் திருப்பித் தந்தார், நான் மேசையில் வைத்தேன், அவர் பொடியனின் பையில் திணித்தார். பில் கேட்டால் முறைப்பார். லண்டனில் விலையைச் சுவரில் எழுதி வைத்திருப்பார்கள், இந்த இழுபறி இல்லை. அந்த ஒன்றில் மட்டும் எனக்கு லண்டன்தான் சரி.

அவர் பெயரும் இடமும் போட வேண்டாம் என்றார், ஆட்கள் போனிலேயே உயிரை எடுப்பார்களாம். தேடுகிறவர்கள் ஓட்டோ ஸ்டாண்டில் கேளுங்கள், காலை பத்துக்கு முந்திப் போங்கள். போகும்போது நல்ல ஈயக் கம்பி ஒரு சுருள், 630 வோல்ட் கொண்டென்சர் கொஞ்சம், சரியான பியூஸ் ஒரு பெட்டி கொண்டுபோய்க் கொடுங்கள். சொக்லேட் வேண்டாம். அவருக்குச் சீனி வருத்தம், அன்ரி வாசலிலேயே பறித்துவிடுவா.