அஸ்காரின் ஃபேன்டஸி மேப் ஜெனரேட்டர்: மலை முதலில், பெயர் கடைசியில்

கேமுக்காகக் கற்பனை உலகம் வரைபவர்களுக்குக் காசில்லாமல் கிடைக்கும் கருவிகளில் எங்கள் முதல் தேர்வு அஸ்காரின் ஃபேன்டஸி மேப் ஜெனரேட்டர்தான். பிரவுசரிலேயே ஓடும், கணக்குத் தொடங்கத் தேவையில்லை. நிரலும் எம்ஐடி உரிமத்தில் திறந்தே கிடக்கிறது. இதில் செய்த வரைபடத்தை விற்கும் கேமில் வைத்தாலும் தடையில்லை. பக்கத்தைத் திறந்த சில நொடிகளில் கடற்கரை, ஆறு, நாடு, ஊர், சாலை என்று ஒரு கண்டமே வந்து நிற்கும். பலர் அதைப் பார்த்துவிட்டு, 'நியூ மேப்' பொத்தானை நாலு முறை தட்டிவிட்டு மூடிவிடுகிறார்கள். கருவியின் உண்மையான பலம் அதற்கப்புறம்தான் தொடங்குகிறது.

இது படம் வரையும் மென்பொருள் அல்ல, காரண காரியத்தைக் கணக்குப் போடும் மென்பொருள். வரைபடம் வழக்கமாகப் பத்தாயிரம் வொரோனாய் கட்டங்களாக, அதாவது ஒழுங்கற்ற பலகோணத் துண்டுகளாக, வெட்டப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் 0 முதல் 100 வரை ஓர் உயரம் உண்டு. 20க்குக் கீழே இருந்தால் கடல். காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும், மலை தடுத்தால் அங்கேயே கொட்டிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் நனைவதும் இந்தப் பக்கம் கோவை காய்வதும் எப்படியோ அப்படியே. பெய்த மழை ஆறாகிறது. ஆற்றோரமும் துறைமுகமும் மக்கள்தொகையை இழுக்கின்றன. அங்கே ஊர் முளைக்கிறது. ஊர்களில் சில தலைநகராகி, அவற்றைச் சுற்றி நாடுகள் விரிகின்றன. மலையைத் தாண்டுவதற்கும் பழக்கமில்லாத நிலத்தில் பரவுவதற்கும் நாடுகள் அதிக விலை கொடுக்க வேண்டும். எல்லைக்கோடு பெரும்பாலும் மலைமேல் போய் நிற்பது அதனால்தான்.

ஆக, மேலே இருப்பதைத் தொட்டால் கீழே உள்ளது அத்தனையும் ஆடும். ஊர்ப் பெயரெல்லாம் சூட்டி முடித்த பிறகு மலையை நகர்த்த நினைப்பவர்கள்தான் இந்தக் கருவியைத் திட்டிக்கொண்டு வெளியேறுகிறார்கள்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது அளவுகோல். ஒரு பிக்சலுக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்தால், 1920க்கு 1080 திரையில் உங்கள் உலகம் 5760 கிலோமீட்டர் அகலம். நாளுக்கு 30 கிலோமீட்டர் நடக்கும் கதாபாத்திரம் அதைக் கடக்க 192 நாள் ஆகும். பெரும்பாலான ரோல்பிளேயிங் கேம்களுக்கு இது மிகப் பெரிது. பாதி வரைபடத்தை யாரும் மிதிக்கவே மாட்டார்கள். பிக்சலுக்கு 0.5 கிலோமீட்டர் என்று யூனிட்ஸ் எடிட்டரில் மாற்றினால் 960 கிலோமீட்டர், 32 நாள் பயணம். இத்தோடு நிறுத்திவிடக் கூடாது. 'கான்ஃபிகர் வேர்ல்ட்' பக்கத்தில் 'மேப் சைஸ்' என்று ஒரு சதவீதம் இருக்கும், அதுதான் வரைபடம் எத்தனை பாகை அட்சரேகையை அடைக்கிறது என்று தீர்மானிக்கிறது. 100 என்றால் 180 பாகை. வரைபடத்தின் உயரம் இப்போது 540 கிலோமீட்டர். பூமியில் ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர் என்பதால், அது ஐந்து பாகைக்கும் குறைவு. எனவே சதவீதம் 3 போதும். இதை 50இல் விட்டுவிட்டால் இரண்டு வார நடை தூரத்தில் பனிப்பாலையும் வெப்பமண்டலக் காடும் அக்கம்பக்கமாக வந்து உட்காரும். புதியவர்களின் வரைபடங்களில் அடிக்கடி கண்ணில் படும் குறை இதுதான்.

அடுத்தது நிலம். ஹைட்மேப்பை, அதாவது கட்டங்களின் உயரங்களைத் திருத்தப் போனால் எரேஸ், கீப், ரிஸ்க் என்று மூன்று வழிகள் கேட்கும். எரேஸ் நாடு, ஊர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகக் கணக்கிடும். கீப் இருப்பதைக் காப்பாற்றும், ஆனால் கடற்கரையைத் தொடவிடாது. ரிஸ்க் இரண்டையும் அனுமதிக்கும். பிழைகள் வந்தால் நம் பாடு. தொடக்கத்தில் தயங்காமல் எரேஸில் வேலை செய்யுங்கள், இழக்க இன்னும் ஒன்றுமில்லை.

காகிதத்தில் கையால் வரைந்த வரைபடம் இருந்தால் 'இமேஜ் கன்வெர்ட்டர்' அருமையான வசதி. படத்தை ஏற்றி, நிறங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உயரம் கொடுத்தால் நிலம் தயார். கன்வெர்ட்டர் படத்தைத் திரையின் அளவுக்கு இழுத்துப் பொருத்தும் என்பதால், படத்தின் அகல உயர விகிதமும் வரைபடத்தினுடையதும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையேல் தீவுகள் சப்பையாகிவிடும். பென்சில் நிழலும் காகிதக் கசங்கலும்கூடத் தனித்தனி நிறமாகக் கணக்கில் வரும். ஸ்கேன் செய்த படத்தில் நான்கைந்து தட்டையான சாம்பல் நிறங்களை மட்டும் நிரப்பி ஏற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

ஆறுகள் கடலுக்குப் போகாமல் நடுவழியில் ஏரி ஏரியாகத் தேங்கினால் காரணம் பள்ளங்கள். சுற்றிலும் உயர்ந்த கட்டங்கள் இருக்கும்போது தண்ணீருக்கு வழியில்லை. அந்தப் பகுதியில் ஸ்மூத் பிரஷ்ஷை இரண்டு மூன்று முறை ஓட்டி, மலையிலிருந்து கடல்வரை மெல்லச் சரியும்படி செய்யுங்கள். 'எரோஷன்' பெட்டியையும் டிக் செய்தால் ஆறு தானே தன் பள்ளத்தாக்கை அரித்துக்கொள்ளும். எல்லா ஏரியையும் நிரப்பிவிடாதீர்கள். வரத்தைவிட ஆவியாதல் அதிகமான ஏரியைக் கருவி வெளியேற்றம் இல்லாத உப்பேரியாக்கும். உப்பு வணிகத்தை வைத்துக் கதை பின்ன நல்ல இடம்.

நிலமும் மழையும் திருப்தியான பிறகே நாடுகள். எண்ணிக்கையைக் குறைத்து 'ரீஜெனரேட்' செய்து பார்க்கலாம். பிடித்த நாட்டுக்கும் ஊருக்கும் பக்கத்தில் உள்ள பூட்டை அழுத்திவிட்டால் அடுத்த சுழற்சியில் அவை கலையாது. இந்தப் பூட்டு இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

பெயர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நேம்ஸ்பேஸ் என்ற பட்டியலில் காற்புள்ளி இட்டு ஊர்ப் பெயர்களைக் கொடுத்தால், மார்க்கோவ் சங்கிலி முறையில் அதே சாயலில் புதுப் பெயர்களை உருவாக்கும். கூடவே வருபவற்றில் கர்நாடகப் பட்டியல் உண்டு. நம் ஊர்ச் சாயல் வேண்டுமென்றால் நாமே பட்டியல் போட வேண்டும்: நூறு பெயராவது இருக்கட்டும், 'புரம்', 'பட்டி', 'குளம்', 'துறை' என்று முடிவுகள் கலந்திருக்கட்டும். 'பட்டி'யே நிறைந்திருந்தால் வருவதெல்லாம் பட்டியாகவே வரும். பெயரை அசைகளாக வெட்ட அது ரோமன் போன்ற எழுத்துகளின் உயிரொலிகளைத்தான் தேடுகிறது. நம் உயிர்மெய்யும் கொம்பும் அதற்குப் புரியாது. அதனால் பட்டியலை ரோமன் எழுத்தில் கொடுத்து, வந்த பெயர்களில் நல்லதைப் பொறுக்கி, வரைபடத்தில் தமிழில் தட்டச்சு செய்வதே சரியான வழி. ஊர்ப் பெயர்களைப் பிரவுசர் ஒழுங்காகவே காட்டும். வளைந்து ஓடும் நாட்டுப் பெயர்களை மட்டும் பெரிதாக்கிப் பார்த்து, எழுத்து உடைந்திருந்தால் கோட்டை நேராக்குங்கள்.

அழகு விஷயத்தில் கருவி சுமார்தான். 'ஏன்ஷியன்ட்' ஸ்டைல் பழைய தாள் போலப் பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் மலைச் சின்னங்கள் தூவியது போல் கிடக்கும், தொடராகத் தெரியாது. அச்சிட்டு மேசையில் விரிக்கும் தரம் வேண்டுமானால் பெயர்களும் மலைச் சின்னங்களும் உள்ள லேயர்களை அணைத்துவிட்டு பிஎன்ஜியாக எடுத்து, கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் மலையையும் காட்டையும் கையால் வரையுங்கள். எஸ்விஜியாக எடுத்து இங்க்ஸ்கேப் என்ற வெக்டர் வரைகலை மென்பொருளில் திறந்தால் எழுத்துருவும் சில வடிகட்டிகளும் மாறித் தெரியக்கூடும். கேம் எஞ்சினுக்குத் தரவு வேண்டியவர்கள் ஜியோஜேசன் என்ற புவித் தரவுக் கோப்பாகக் கட்டம், ஆறு, சாலைகளைத் தனித்தனியாக எடுக்கலாம். அறுகோணக் கட்ட மேலடுக்கும் உண்டு, ஹெக்ஸ் கிரால் (அறுகோணம் அறுகோணமாக உலகைத் தேடிச் செல்லும் ஆட்டம்) நடத்துவோருக்கு அது ஒன்றே போதும். ஊரைச் சொடுக்கினால் வாட்டாபூ என்பவர் செய்த தனி நகர ஜெனரேட்டர் வழியாகத் தெருப்படமும் கிடைக்கும்.

கட்டங்களை ஒரு லட்சம் வரை உயர்த்தலாம். கடற்கரை நுணுக்கமாகும், மடிக்கணினி திணறும். சாதாரண இயந்திரத்தில் பத்தாயிரத்தைத் தாண்ட வேண்டாம். அமைப்பில் எண்ணிக்கையை மாற்றினால் அது அடுத்து உருவாகும் புது வரைபடத்துக்குத்தான் பொருந்தும், திறந்திருப்பதற்கு அல்ல. கைபேசியில் திறக்கும், திருத்த முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சேமிப்பில் கவனம் தேவை. எஃப்6 பிரவுசரின் நினைவகத்தில்தான் வைக்கும். தளத் தரவை அழித்தால் உலகமும் போகும். கண்ட்ரோல் எஸ் அடித்து .மேப் கோப்பாக வட்டில் இறக்குங்கள். ஹைட்மேப் முடிந்ததும் ஒரு கோப்பு, நாடுகள் முடிந்ததும் ஒன்று, பெயர்கள் முடிந்ததும் ஒன்று. சீட் எண்ணை, அதாவது வரைபடம் எந்த எண்ணிலிருந்து உருவானதோ அதைக் குறித்து வைத்தால் போதும் என்று நம்பாதீர்கள். அந்த எண் மூல வரைபடத்தைத்தான் தரும், அதுவும் அமைப்புகளும் திரை அளவும் அப்படியே இருந்தால். கையால் செய்த திருத்தம் எதுவும் அதில் இருக்காது.