வழுக்கைக்கு மருந்து: பல வருடப் பயன்பாட்டில் தெரியவருவது

"மினாக்ஸிடில் போட ஆரம்பித்ததும் இருந்த முடியும் கொட்டிவிட்டது" என்று சொல்லிப் பலர் பாட்டிலைத் தூக்கி எறிவது இரண்டாவது மாத வாக்கில். தலையில் தடவும் இந்த மருந்தை விடவே கூடாத நேரம் அதுதான். ஓய்வில் இருக்கும் மயிர்க்கால்களை மருந்து வளர்ச்சி நிலைக்குத் தள்ளுகிறது. அவற்றில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய முடி அப்போது கழன்று விழுகிறது. பொதுவாக 2ஆம் வாரத்திலிருந்து 8ஆம் வாரம் வரை இது நடக்கும், பிறகு தானாக அடங்கும். எல்லோருக்கும் கொட்டும் என்றில்லை; கொட்டாதவர்களுக்கும் மருந்து வேலை செய்யும். கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் வர 4 மாதமாவது ஆகும். முழுப் பலனையும் எடைபோட ஒரு வருடம் வேண்டும். அவ்வளவு நாள் பொறுக்க முடியாது என்று இருப்பவர் தொடங்காமல் இருப்பதே மேல்.

அதற்கும் முன்னால், வந்திருப்பது பரம்பரை வழுக்கைதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நெற்றியின் இரு ஓரமும் மேலேறும், உச்சியில் தோல் தெரியும், பின்தலையும் காதோரமும் மட்டும் அடர்த்தியாகவே இருக்கும். முன்நெற்றி முடியை விரலால் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். தடித்த முடிகளுக்கு நடுவே மெல்லிசான, நிறம் வெளுத்த, நீளமே பிடிக்காத பூனைமுடி கலந்திருந்தால் மயிர்க்கால்கள் சுருங்கிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். வட்டமாகத் திட்டுப்போல் திடீரென விழுந்தால் அது பெரும்பாலும் புழுவெட்டு. அதற்கு வைத்தியமே வேறு. கடும் காய்ச்சலுக்கோ அறுவை சிகிச்சைக்கோ 2, 3 மாதம் கழித்துத் தலை முழுக்கக் கொட்டினால், பெரும்பாலும் தானே நின்றுவிடும். தைராய்டு, இரும்புச்சத்துக் குறைபாடு போன்றவற்றை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். தோல் மருத்துவரை ஒருமுறை பார்ப்பது வருடக்கணக்கான வீண் செலவை மிச்சப்படுத்தும்.

மினாக்ஸிடில் 5% திரவம் என்றால் வேளைக்கு 1 மி.லி., காலையும் இரவும். பலன் குறைவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது போடும் முறையைத்தான்: மருந்து தோலில் படாமல் முடியிலேயே தங்கிவிடுகிறது. தலை நன்றாக உலர்ந்திருக்கட்டும். வகிடு எடுத்து, டிராப்பர் நுனியைத் தோலுக்கு நெருக்கமாகப் பிடித்து, வகிட்டின் நீளத்துக்கு நாலைந்து சொட்டு விட்டு, விரலால் மெல்லப் பரப்புங்கள். ஒரு விரல் தள்ளி அடுத்த வகிடு. ஸ்ப்ரே வசதியாகத் தோன்றும். ஆனால் முடி நீளமாக இருப்பவர்களுக்கு அதில் பாதி மருந்து முடியிலேயே போய்விடும். போட்ட பிறகு 4 மணி நேரம் தலையை நனைக்கக் கூடாது. படுக்கப் போகும் நேரத்தில் போடாமல் 2 மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தலையணை வழியாக முகத்தில் ஒட்டி, கன்னத்திலும் நெற்றியிலும் முடி வளரலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பூனைக்கு இந்த மருந்து சிறிதளவு உள்ளே போனாலும் உயிருக்கே ஆபத்து.

அரிப்பும் செதிலும் வந்தால் காரணம் பெரும்பாலும் மருந்து அல்ல, அதைக் கரைக்கத் திரவத்தில் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்கால். நுரையாக வரும் ஃபோமில் அது கிடையாது. மாற்றியதும் பலருக்கு அரிப்பு நின்றுவிடும். ஃபோம் உடல் சூட்டில் உருகிவிடும் என்பதால் விரலைக் குளிர்ந்த நீரில் அலசித் துடைத்துவிட்டு, அரை மூடி அளவு எடுத்துத் தொட்டுத் தொட்டு வையுங்கள். அளவைக் கூட்டினால் முடி கூடாது. மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக இருந்தது; அதைச் சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் மருந்து உருவாகி, 1988இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதிகம் தடவினால் படபடப்பும் தலைசுற்றலும் கால்வீக்கமும் வருவது இதனால்தான். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது. மருந்து வேலை செய்யக்கூடிய வடிவத்துக்கு மாற மயிர்க்காலில் ஒரு நொதி வேண்டும்; அது குறைவாக உள்ளவர்கள் எவ்வளவு ஒழுங்காகத் தடவினாலும் பலன் சொற்பமே.

நீண்ட காலப் பயன்பாட்டில் தெரியவரும் இன்னொரு விஷயம், மினாக்ஸிடில் வழுக்கையின் காரணத்தைத் தொடுவதே இல்லை என்பது. முதல் வருடத்தில் கிடைத்த அடர்த்தி, தவறாமல் போட்டாலும் அடுத்தடுத்த வருடங்களில் மெல்லக் குறையலாம். வழுக்கைக்குக் காரணம், மயிர்க்கால்களைச் சுருக்கும் டிஹெச்டி என்ற ஹார்மோன். பிறவியிலேயே டிஹெச்டி குறைவாகச் சுரக்கும் ஆண்களை டொமினிக்கன் குடியரசில் ஆய்வாளர்கள் கண்டறிந்து 1974இல் எழுதினார்கள். அவர்களுக்கு இந்த வழுக்கை வரவில்லை, புராஸ்டேட் சுரப்பியும் சிறியதாகவே இருந்தது. டிஹெச்டியைக் குறைக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை பிறந்த கதை அங்கேதான் தொடங்குகிறது. வழுக்கைக்கான 1 மி.கி. மாத்திரை 1997இல் அனுமதி பெற்றது. தினம் ஒன்று; சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது முக்கியமில்லை. ரத்தத்தில் டிஹெச்டி ஏறக்குறைய 70% குறையும். 5 வருட ஆய்வில், சாப்பிட்டவர்களில் 48% பேருக்கு முடி கூடியது, 42% பேருக்கு அப்படியே நின்றது, 10% பேருக்குக் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 75% பேருக்கு முடி குறைந்தது. அந்த 42% தான் என் கணக்கில் பெரிய வெற்றி. ஐந்து வருடம் கழித்தும் அதே தலை என்பது கண்ணாடியில் வெற்றியாகத் தெரியாது. அதனாலேயே பலர் இதைப் பயனற்றது என்று நிறுத்திவிடுகிறார்கள்.

பக்கவிளைவை மறைக்கவும் வேண்டாம், பெரிதாக்கவும் வேண்டாம். ஆரம்பகால ஆய்வுகளில் பாலியல் தொடர்பான தொந்தரவு 3.8% பேருக்கு வந்தது. போலி மாத்திரையில் 2.1%. நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். நிறுத்திய பிறகும் தொடர்வதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அதை ஒதுக்கிவிட முடியாது. மனச்சோர்வு பற்றிய எச்சரிக்கை இன்னும் முக்கியம்: தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவுகளில் ஒன்று என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதிசெய்தது. ஏற்கெனவே மனச்சோர்வு இருந்தவர் அதை மருத்துவரிடம் சொல்லித்தான் தொடங்க வேண்டும். மனநிலை மாறினால் உடனே நிறுத்திவிட்டு அவரைப் பார்க்க வேண்டும். புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவை இந்த மாத்திரை ஏறக்குறையப் பாதியாகக் காட்டும் என்பதால் பரிசோதனையின்போது கட்டாயம் தெரிவியுங்கள். மாத்திரை சாப்பிடும் காலத்தில் ரத்த தானம் கூடாது. உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது.

மினாக்ஸிடிலும் ஃபினாஸ்டரைடும் சேர்ந்தால் பலன் கூடுதல்தான். ஆனாலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். படபடப்போ சோர்வோ வந்தால் எதனால் என்று தெரியாமல் இரண்டையும் விட வேண்டியிருக்கும். வயது குறைவு, முடி வேகமாகப் போகிறது என்றால் மருத்துவர் சம்மதத்துடன் மாத்திரையை முதலில் வைத்து, மூன்று மாதம் கழித்துத் தடவும் மருந்தைச் சேர்ப்பதே என் தேர்வு. மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்கு மினாக்ஸிடில் மட்டும். காலை வேளை அடிக்கடி விட்டுப்போகிறதென்றால் இரவு ஒரு வேளையாவது தவறாமல் போடுங்கள்.

முன்னேற்றத்தைக் கண்ணாடியில் பார்த்துச் சொல்ல முடியாது. மாதம் ஒருமுறை, அதே விளக்கின் கீழ், முடி வெட்டி அதே அளவு நாள் ஆன நிலையில், உலர்ந்த தலையுடன் உச்சி, நெற்றி, இரு ஓரம் என்று படம் எடுங்கள். ஈரத் தலையும் உலர்ந்த தலையும் ஒப்பிட்டால் இல்லாத வழுக்கை தெரியும். உச்சியில்தான் பலன் முதலில் வரும்; நெற்றி ஓரம் பிடிவாதமானது.

ஃபினாஸ்டரைடு வகையைச் சேர்ந்த இன்னொரு மருந்தான டுட்டாஸ்டரைடு, டிஹெச்டியை 90 சதவீதத்துக்கும் மேல் குறைக்கும், ஆனால் உடம்பிலிருந்து வெளியேற மாதக்கணக்கில் ஆகும். ஃபினாஸ்டரைடு போதாதபோது மட்டுமே யோசிக்க வேண்டியது. கீட்டோகோனசோல் ஷாம்பு பொடுகுக்கு நல்லது, வழுக்கைக்குத் துணை மட்டுமே. பயோட்டின் என்ற வைட்டமின் குறைபாடு இல்லாதவருக்கு அந்த மாத்திரை எதுவும் செய்யாது. தைராய்டு பரிசோதனை முடிவைத் தவறாகக் காட்டவும் கூடும். தலைத்தோலில் நுண்ணிய துளையிடும் நுண்ணூசி உருளை சிலருக்கு உதவுகிறது. உருட்டிய அன்று மினாக்ஸிடில் போடாதீர்கள், எரிச்சலோடு மருந்து ரத்தத்தில் சேருவதும் அதிகமாகும்.

முடி மாற்று அறுவை, பின்தலை முடியை முன்னால் நடுவதுதான். புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. நட்ட முடி முதல் சில வாரங்களில் விழுந்து, 3, 4 மாதத்தில் முளைத்து, முழுமையாக ஒரு வருடம் ஆகும். சுற்றியுள்ள சொந்த முடி உதிர்வதை அது நிறுத்தாது. மருந்தை விட்டவர்களுக்கு நட்ட பகுதி மட்டும் தனித் திட்டாக நிற்கும், அதை நிரப்பப் பின்தலையில் இருப்பு இருக்காது. அதனால் உதிர்வு ஒரு வருடமாவது மருந்தில் நிலைத்த பிறகே அறுவைக்குப் போக வேண்டும்.

நிறுத்துவதானால் நடப்பது இது: மினாக்ஸிடிலை விட்டால் அதனால் வந்த முடி 3, 4 மாதத்தில் போய்விடும், ஃபினாஸ்டரைடு காத்துவந்தது ஒரு வருடத்துக்குள் போகும். ஒரு வேளை விட்டுப்போனால் ஒன்றும் ஆகாது. அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடாமல் வழக்கமான அளவையே தொடருங்கள்.