சிறுவனின் போர்வைக்குள் வைக்கப் பருத்தியா, பாலியஸ்டரா?

ஒட்டுத்துணிப் போர்வையைக் கையால் தைப்போர் மேல்துணியைத் தேர்வதில் காட்டும் அக்கறையை உள்ளே வைக்கும் பஞ்சுக்கும் காட்ட வேண்டும்.

விலை: பருத்தி பொதுவாகக் கூடுதல், பாலியஸ்டர் குறைவு.

துவைப்பு: பருத்தி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கக்கூடும், காயவும் நேரமெடுக்கும். பாலியஸ்டர் ஏறக்குறையச் சுருங்காது, விரைவில் காய்ந்துவிடும். படுக்கையை நனைக்கும் வயதில் இது பெரிய உதவி.

உறக்கம்: பருத்தி வியர்வையை உறிஞ்சிக் காற்றோட்டம் தருவதால், ஓடியாடிவிட்டு வியர்வையுடனே உறங்கிவிடும் பிள்ளைக்கு அதையே உறுதியாகப் பரிந்துரைப்பேன். பாலியஸ்டர் எடையின்றிக் கதகதப்பூட்டும். ஆனால் வெப்பத்தைத் தேக்கும்.

தையல்: பாலியஸ்டரில் ஊசி எளிதாக இறங்கும். பருத்தியில் தையல்களை நெருக்கமாக இடாவிட்டால் பஞ்சு திரண்டுவிடும்.

அன்றாடம் போர்த்திக்கொள்ளப் பருத்தியும், அடிக்கடி துவைக்கவும் பயணத்தில் எடுத்துச் செல்லவும் பாலியஸ்டரும் ஏற்றவை. ஒரு வயது நிறையாத குழந்தை உறங்கும் தொட்டிலில் இரண்டையுமே வைக்கக் கூடாது.