குவாரி கணவாய் மலையேற்றம்: நடை நன்று, சமையல் கூடாரம் சுமார்

உத்தராகண்ட் மாநிலத்தில் ஜோஷிமட் அருகே தொடங்கி, ஏறத்தாழ 12,500 அடி உயரத்திலுள்ள குவாரி கணவாயைத் தொட்டுத் திரும்பும் மலையேற்றத்துக்கு ஒரு தனியார் நிறுவனத்தின் வழியாகச் சென்று வந்தேன். எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் 160ஐத் தாண்டியதால், மாத்திரையோடு நடையையும் உணவுக் கட்டுப்பாட்டையும் மருத்துவர் விதித்திருந்த நிலையில் சென்றேன். ஆகவே இம்மதிப்பீடு பனிச்சிகரங்களைவிடத் தட்டில் விழுந்ததைப் பற்றியே அதிகம் பேசும். நந்தாதேவியையும் துரோணகிரியையும் புகழ வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

இந்நிறுவனத்தின் சேவையில் மிகச் சிறந்தது பயணத்துக்கு முன்பே நடந்துவிடுகிறது. ஐந்து கிலோமீட்டரை 40 நிமிடத்துக்குள் கடக்க முடிகிறது என்பதற்குக் கைப்பேசிச் செயலியின் பதிவைக் காட்டாதவர்களை அவர்கள் சேர்த்துக்கொள்வதில்லை. இந்தக் கெடுபிடிக்காகவே மாதக்கணக்கில் காலையில் ஓட்டமும் நடையுமாகவும், மாலையில் முதுகுப்பையில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறியும் பழக வேண்டியிருந்தது. ஒரு வார மலையேற்றம் இரத்தக் கொழுப்பைப் புரட்டிப்போட்டுவிடாது. இவ்வாறு தொடர்ந்து உழைப்பதுதான் டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பைக் குறைத்து, நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல்.லை ஓரளவு உயர்த்தும். எல்.டி.எல். மட்டும் நடைக்கு அவ்வளவாக அசைந்து கொடுப்பதில்லை. அதைக் குறைப்பதில் நடையைவிட உணவுக்கே பங்கு அதிகம்.

அங்கேதான் குறை. காலையில் பூரியும் உருளைக்கிழங்கும், மாலையில் தேநீரோடு பக்கோடா அல்லது பாக்கெட் நூடுல்ஸ், இரவில் நெய் தடவிய ரொட்டி, பருப்பு, சோறு, அதன்மேல் குலாப் ஜாமூன் என்று பட்டியல் போகிறது. நூடுல்ஸ் பெரும்பாலும் பாமாயிலில் பொரித்தே பாக்கெட்டில் அடைக்கப்படுகிறது. அந்த எண்ணெயில் ஏறத்தாழப் பாதி, எல்.டி.எல்.லை உயர்த்தும் நிறைவுற்ற கொழுப்பு. குளிரில் சுமையோடு ஏறுபவர்களுக்கு இவ்வளவும் தேவைப்படும் என்று சமையற்காரர் வாதிட்டார். கலோரிக் கணக்கில் அவர் சொல்வது சரிதான். ஆனால் அந்தச் சக்தி எந்தக் கொழுப்பிலிருந்து வருகிறது என்பது வேறு கணக்கு.

இத்தனைக்கும் இப்பகுதியான கட்வாலின் மலைக்காரர்களுடைய சொந்தச் சமையல் நமக்கு வேண்டியதைத்தான் வைத்திருக்கிறது. நம் கேழ்வரகு அங்கே மண்டுவா, குதிரைவாலி ஜங்கோரா, கொள்ளு கஹத். வாய்விட்டுக் கேட்ட பிறகு ஒரு நாள் இரவு மண்டுவா ரொட்டியும் கஹத் பருப்பும் வந்தன. கையால் தட்டிய ரொட்டி ஓரங்களில் வெடித்து, கறுத்து, புகை வாசத்தோடு இருந்தது. பருப்பில் ஜக்கியா என்னும் கடுகைவிடச் சிறிய விதையைத் தாளித்திருந்தார்கள், அது பல்லில் பட்டு நறநறவென்று உடைந்தது. பயணம் முழுவதிலும் உருப்படியான சாப்பாடு அதுதான். பயறு, ஓட்ஸ் போன்றவற்றிலுள்ள கரையும் நார்ச்சத்து கொலஸ்ட்ராலிலிருந்து உருவாகும் பித்த அமிலத்தைக் குடலில் பிடித்து வெளியேற்றுவதால், அதை ஈடுகட்டக் கல்லீரல் இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது. கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலையை மாற்றி, இதைத் தினசரிப் பட்டியலிலேயே சேர்ப்பதற்குச் செலவு ஒன்றும் கூடிவிடாது.

கூடுதல் கட்டணம் செலுத்தினால் பையைக் கோவேறு கழுதையில் ஏற்றி அனுப்புகிறார்கள். மூட்டுவலி இல்லாதவர்கள் அந்தச் சலுகையைத் தவிர்ப்பது நல்லது. எட்டுப் பத்து கிலோவைச் சுமப்பதில்தான் உடற்பயிற்சியே இருக்கிறது. பக்கோடா வரும் நேரத்துக்கு உப்பில்லாத வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் பையில் இருந்தால் சபலம் குறையும். வழிகாட்டிகள் பொறுமையானவர்கள், நாடித்துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் அன்றாடம் குறித்துக்கொள்கிறார்கள். கூடாரங்களும் கழிப்பிட வசதியும் போதுமான தரத்தில் இருந்தன.

நடைக்காக மட்டும் என்றால் இந்நிறுவனத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே உணவுப் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்கி, மாற்று உணவுக்கு ஒப்புதல் பெற்றுக்கொள்ள வேண்டும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. இறக்கத்தில் தொடைகள் கடுமையாக வலிக்கும். அந்த வலியையும் மாத்திரையால் வரக்கூடிய தசைவலியையும் பிரித்தறிவது கடினம் என்பதால், முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். திரும்பிய மறுநாளே இரத்தப் பரிசோதனைக்கு ஓடுவதும் வேண்டாம். கடும் உழைப்புக்குப் பின் தசை நொதிகள் உயர்ந்து காட்டும், சில வாரங்கள் கழித்துக் கொடுப்பதே சரி.