கம்யூனிட்டி காலேஜில் நான்கு வருடம் உளவியல் படித்த அனுபவம்

எனக்கு ஏற்கெனவே வேறு துறையில் ஒரு பட்டம் உண்டு. கவுன்சலிங் பக்கம் மாறலாமா என்ற யோசனையில், வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்புகளில் சேர்ந்தேன். செமஸ்டருக்கு ஒரு பாடம். நான்கு வருடத்தில் ஏழு பாடங்கள் முடித்திருக்கிறேன். எட்டு வராததற்குக் காரணம் பின்னால் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்பது இரண்டாண்டுக் கல்லூரி. பெரும்பாலும் பள்ளிப் படிப்பு முடித்த யாரும் சேரலாம், போட்டித் தேர்வு கிடையாது. சுமார் 60 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் கிடைக்கும் மதிப்பலகு) முடித்தால் அசோசியேட் டிகிரி கிடைக்கும். அந்த கிரெடிட்களோடு பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆகலாம். என்னைப் போல வேண்டிய பாடங்களை மட்டும் எடுத்துப் படிக்கிறவர்களும் நிறைய பேர்.

முதல் பாடம் பொது உளவியல். மூளை, உறக்கம், நினைவாற்றல், ஆளுமை, சிகிச்சை என்று வாரத்துக்கு ஓர் அத்தியாயம் ஓடும். ஆழம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் அங்கே விசேஷம். உறக்கம் பற்றிய வகுப்பில், இரவுப் பணியில் இருக்கும் ஒரு நர்சிங் உதவியாளர் எழுந்து, பகலில் திரையை இழுத்துவிட்டுப் படுத்தாலும் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் அடம்பிடிப்பதைச் சொன்னார். புத்தகத்தில் இரண்டு பத்தியாக இருந்த உடல் கடிகாரம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இரண்டாவது, வளர்ச்சி உளவியல். நர்சிங் சேர நினைப்பவர்களால் வகுப்பு எப்போதும் நிரம்பி வழியும். அதில் ஓர் அசைன்மென்ட்: குழந்தைகளின் சிந்தனை எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே செய்த சோதனை ஒன்றை ஒரு குழந்தையிடம் செய்து பார்த்து எழுத வேண்டும். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நண்பர் வீட்டு நாலரை வயதுப் பெண்ணிடம் செய்தேன். ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் ஒரே அளவு தண்ணீர். "ரெண்டும் சமமா?" என்றேன். குனிந்து, கண்ணை டம்ளர் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டு "சமம்" என்றாள். ஒன்றை உயரமான ஒல்லி டம்ளரில் ஊற்றி, "இப்போ?" என்றதும், "இதுல ஜாஸ்தி" என்று ஒல்லி டம்ளரைத் தொட்டாள். புத்தகத்தில் இருந்தது அப்படியே நடந்ததில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

அறிக்கையைத் திருப்பித் தரும்போது பேராசிரியர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: ஒரே கேள்வியை ஏன் இரண்டு தடவை கேட்டீர்கள்? தேடிப் பார்த்தபோது, 1974-ல் சூசன் ரோஸ், மரியன் பிளாங்க் இருவரும் இதைத்தான் ஆராய்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. வரிசையாக அடுக்கிய பொருள்களை மாற்றி வைத்த பிறகு ஒரே ஒரு முறை கேட்டால் குழந்தைகள் இன்னும் நன்றாகப் பதில் சொன்னார்கள். பெரியவர் மறுபடி கேட்டால், முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்று குழந்தை நினைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. நான் அளந்தது அவள் புத்தியையா, என் கேள்வியையா? உளவியல் எனக்குப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

அதனாலேயே அடுத்து புள்ளியியல் எடுத்தேன். பலர் கடைசி வரை தள்ளிப்போடும் பாடம் இது. தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். எங்கள் வகுப்பில் லாஃப்டஸ், பால்மர் என்ற உளவியலாளர்கள் 1974-ல் வெளியிட்ட கார் விபத்து ஆய்வைச் சின்ன அளவில் திரும்பச் செய்தோம். ஒரே விபத்துக் காட்சியைப் பார்த்தவர்களில் சிலரிடம் "மோதியபோது", சிலரிடம் "நொறுங்க மோதியபோது" கார் என்ன வேகத்தில் போனது என்று கேட்பது. அசல் ஆய்வில் கேள்வியின் கடுமையான சொல்லுக்குத் தக்கபடி சொன்ன வேகமும் ஏறியது. எங்களுக்கோ வித்தியாசமே வரவில்லை. பேராசிரியர் அதற்காக வருத்தப்படவில்லை. இரண்டு குழுக்களின் சராசரிக்கு இடையே உள்ள வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் டி-டெஸ்ட் கணக்கைக் கையாலேயே போட வைத்து, இருபது சொச்சம் பேரை வைத்து எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதற்கே ஒரு முழு வகுப்பைச் செலவிட்டார். 2015-ல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, சுமார் 36 சதவீதத்தில்தான் மறுபடியும் தெளிவான முடிவு வந்தது என்பதையும் அன்றுதான் சொன்னார். என் கையால் கணக்குப் போட்ட பிறகு கேட்டதால் அந்த எண் மனதில் நின்றது.

சமூக உளவியலும், மனநலக் கோளாறுகளைப் பற்றிய அப்நார்மல் சைக்காலஜியும் சுவாரசியமான பாடங்கள். ஆனால் கற்பிப்பவரைப் பொறுத்து ஏறும், இறங்கும். சமூக உளவியலை ஆன்லைனில் எடுத்தேன். வாரம் ஒரு பதிவு, மற்றவர் பதிவுக்கு இரண்டு பதில் என்றே போனது. "நன்றாகச் சொன்னீர்கள்" என்று எத்தனை தடவைதான் எழுதுவது? இந்தப் பாடத்தை நேரில் எடுப்பதுதான் நல்லது. உயிரியல் உளவியலில் மனப்பாடம் அதிகம், ஆனாலும் ஒழுங்காக நடந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி முறைகள் பாடத்தில் போதுமான பேர் சேரவில்லை என்று முதல் வாரத்திலேயே ரத்து செய்தார்கள். வேறு மாலை வகுப்பு எதிலும் இடமில்லாததால் எனக்கு ஒரு செமஸ்டர் வீண். எட்டு வராததற்குக் காரணம் அதுதான். எங்கள் ஆசிரியர்களில் பலர் பகுதிநேரமாக வருபவர்கள், தனி அறைகூடக் கிடையாது. என் பியாஜே அறிக்கையைப் பற்றி நாங்கள் பேசியது நடைபாதை பெஞ்சில்தான். அவ்வளவு அக்கறையாகச் சொல்லித்தருபவருக்கு உட்கார ஓர் இடம் இல்லாதது எனக்கு இன்னும் மனதை உறுத்துகிறது.

அப்புறம் டிரான்ஸ்ஃபர். நான் விண்ணப்பித்த பல்கலைக்கழகம் அப்நார்மல் சைக்காலஜியைப் பட்டப்படிப்பின் மூன்றாம், நான்காம் ஆண்டுப் பாடமாக வைத்திருக்கிறது. எனக்கு கிரெடிட் கொடுத்தார்கள், ஆனால் விருப்பப் பாடக் கணக்கில். அதை அங்கே மறுபடி எடுக்க வேண்டும். "இது டிரான்ஸ்ஃபர் ஆகுமா?" என்று மட்டும் கேட்டு ஏமாந்தேன். "எந்தத் தேவைக்கு ஈடாக எடுத்துக்கொள்வீர்கள்?" என்று, சேரப்போகும் இடத்தில் எழுத்திலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

இன்றைக்குத் தொடங்கினால் பொது உளவியல், உடனே புள்ளியியல், அதற்கு அடுத்து ஆராய்ச்சி முறைகள் என்று எடுப்பேன். மற்றவை எந்த வரிசையில் வந்தாலும் சரி. அந்த நண்பர் வீட்டுப் பெண்ணுக்கு இப்போது ஏழு வயது தாண்டிவிட்டது. போன மாதம் தண்ணீரை மறுபடி ஊற்றிக் காட்டி, இந்தத் தடவை ஒரே ஒரு முறைதான் கேட்டேன். "அதே தண்ணிதானே?" என்றாள்.