எஃப்3, நியூ எஃப்-1: கியூர்பிப் ஈரத்தில் இருபது ஆண்டுகள்

நிக்கான் எஃப்3, கேனன் நியூ எஃப்-1 ஆகிய இரண்டு பிலிம் கேமராக்களையும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். முன்னது 1980-இலும் பின்னது 1981-இலும் வெளிவந்தவை. இரண்டும் தொழில்முறைப் புகைப்படக்காரர்களுக்காகவே உருவாக்கப்பட்டவை என்பதால், கல்யாணம் ஒன்று முடிவதற்குள் அவற்றின் கனம் கழுத்தை நன்றாகவே சோதித்துவிடும். நான் வசிக்கும் கியூர்பிப், மொரிஷியஸின் மேட்டுநிலத்தில் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் பேர்போன ஊர்.

இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு, பிலிமில் ஒளி படும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஷட்டரில் இருக்கிறது. எஃப்3-இன் ஷட்டர் முழுக்க மின்னணுவியலால் இயங்குவது. பொத்தான் பேட்டரிகள் இரண்டும் தீர்ந்துவிட்டால், லென்ஸுக்குப் பக்கத்தில் உள்ள சிறு நெம்புகோலை அழுத்தி ஏறத்தாழ 1/60 நொடியில் மட்டுமே படம் எடுக்கலாம். நியூ எஃப்-1-இல் 1/125 முதல் 1/2000 வரையிலான வேகங்கள் பற்சக்கரங்களால் இயங்குகின்றன. மெதுவான வேகங்களுக்கும் ஒளி அளப்பதற்கும்தான் ஆறு வோல்ட் பேட்டரி வேண்டும். ஒரு தைப்பூசத்தன்று, குவாத்ர் போர்னில் மலைக்கோயில் படிகளில் காவடிகள் பாதி ஏறியிருந்தபோது என் கேனனின் பேட்டரி உயிரைவிட்டது. அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஜனவரி வெயிலை நம்பி, 400 வேக பிலிமில் 1/500 நொடி, அபர்ச்சர் (ஒளி நுழையும் துவாரத்தின் அளவு) எஃப்/16 என்று வைத்து மீதிச் சுருளை முடித்தேன். ஒரு படமும் வீணாகவில்லை. ஆனால் நிக்கானுக்கான பேட்டரி எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். கேனனுக்கானதைத் தேடிப்பிடித்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒளி அளப்பதில் கேனன்தான் மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. எஃப்3, தன் கணக்கில் 80 விழுக்காட்டை நடுவிலுள்ள 12 மில்லிமீட்டர் வட்டத்திலிருந்து எடுக்கிறது. தீமிதியன்று இருட்டும் வேளையில், கனலின் சிவப்பு வெளிச்சம் முகத்தில் விழ, சுற்றிலும் கருமையாக நிற்கும் பூசாரியைப் படம்பிடிக்க வேண்டுமானால், அந்த வட்டம் நிறைய முகம் வரும்வரை நெருங்கி, முன்புறப் பொத்தானை அழுத்தி அளவை நிறுத்திவைத்துக்கொண்டு பின்வாங்க வேண்டும். குண்டத்தருகே நிற்கும் கூட்டத்தில் பின்வாங்க இடம் ஏது? நியூ எஃப்-1-இல் குவியத் திரையை (வ்யூஃபைண்டரில் காட்சி விழும் கண்ணாடித் திரை) மாற்றினால் அளக்கும் பரப்பும் மாறும். புள்ளி அளவீட்டுத் திரை சட்டகத்தில் சுமார் 3 விழுக்காட்டை மட்டுமே பார்ப்பதால், நின்ற இடத்திலிருந்தே பூசாரியின் கன்னத்தை அளந்துவிடலாம். திரையை மாற்றும் வேலையை மட்டும் வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கோயில் வாசலில் மாற்றினால் திருநீறும் உள்ளே குடியேறும்.

கண்ணாடி அணிபவனாகிய எனக்கு எஃப்3 எச்பியின் (கண்ணாடி அணிபவர்களுக்கும் ஏற்ற எஃப்3 வகை) வ்யூஃபைண்டர் ஒரு வரப்பிரசாதம். கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தாலும் சட்டகம் முழுவதும் தெரியும். பிலிமை நகர்த்தும் நெம்புகோல் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் நகரும். உள்ளே தெரியும் எண்களுக்கு வெளிச்சம் தரும் சிவப்புப் பொத்தானோ நகத்தால் தேடி அழுத்த வேண்டிய அளவில் இருக்கிறது. ஃபிளாஷ் விஷயத்தில் என் குறை இன்னும் பெரிது: அது பிலிமைத் திரும்பச் சுற்றும் கைப்பிடியின் மேல் உட்காருவதால், அதைக் கழற்றாமல் சுருள் மாற்ற முடியாது. தாலி கட்டும் நேரத்தில் முப்பத்தாறாவது படம் முடிந்து போனவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

பூஞ்சைக்குக் கட்சி பேதம் கிடையாது. என் 105 மில்லிமீட்டர் நிக்கோர் லென்ஸில் அது நூல் நூலாகப் படர்ந்தது. சுத்தம் செய்யக் கொடுத்த கடையில் பூஞ்சையை நீக்கி, பதிலுக்கு முன்வளையத்தில் ஒரு கீறலை வைத்து அனுப்பினார்கள். அதன்பின் எல்லாமே சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில்தான் உறங்குகின்றன. நிக்கோர் கெட்டால் வேறொன்று தேடிக்கொள்ளலாம், ஏனெனில் 1959-இல் வந்த எஃப் மவுண்டை (லென்ஸைக் கேமராவில் பொருத்தும் வளைய அமைப்பு) நிக்கான் பல்லாண்டுகள் தொடர்ந்தது. கேனனோ 1987-இல் ஈஓஎஸ் வரிசையைத் தொடங்கி, நியூ எஃப்-1 பயன்படுத்தும் எஃப்டி மவுண்டைக் கைவிட்டது. என் எஃப்டி லென்ஸுகளுக்கு உதிரிபாகம் வேறு பழுதான லென்ஸுகளிலிருந்துதான் வருகிறது. அதனால், கருவி என்ற அளவில் கேனனையே உயர்வாக மதித்தாலும், வாரந்தோறும் கையோடு போவது நிக்கான்தான்.

நியூ எஃப்-1 வாங்க எண்ணுபவர்கள் அதில் ஏஇ (தானியங்கி ஒளி அமைப்பு) ஃபைண்டர் உள்ளதா என்று முதலில் பாருங்கள். சாதாரண ஃபைண்டர் மட்டும் இருந்தால், அபர்ச்சரை நாம் வைக்க ஷட்டர் வேகத்தைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் வசதி கிடைக்காது. எஃப்3-இல் அது உடம்போடு வருவது.