நெட்லேபிள் இசையோடு இருபது ஆண்டுகள்: இன்னும் தீராத ஒரு விக்கல்

போன மாதம் என் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. 2005-லிருந்து நான் இறக்கிச் சேர்த்த நெட்லேபிள் இசை, அதாவது இணையத்திலேயே இலவசமாக இசை வெளியிடும் சிறு லேபிள்களின் இசை, மொத்தமும் அதில்தான் இருந்தது. டேட்டா ரெக்கவரி கடைக்காரர் பத்து நாள் வைத்திருந்து ஃபைல்களை மீட்டுக் கொடுத்தார். ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை, ஃபோல்டரும் இல்லை. வெறும் எண்களாகப் பல ஆயிரம் ஃபைல்கள்.

ஃபைலுக்குள்ளேயே எழுதி வைத்த விவரங்களை, அதாவது டேக்கைப் படிக்கும் மென்பொருளில் போட்டதும் எல்லாம் உயிர்பெற்று எழுந்தன. கலைஞர் பெயர், ஆல்பம், டிராக் வரிசை, ஆண்டு, லேபிளின் கேட்டலாக் எண், கமெண்ட் பகுதியில், பகிர்ந்துகொள்ள அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் முகவரி வரைக்கும் ஒன்றும் விடுபடவில்லை. இரண்டே மாலையில் பழைய அடுக்குக்கு வந்துவிட்டன. அதே டிஸ்க்கில், காசு கொடுத்து வாங்கிய சிடிக்களிலிருந்து நான் ஏற்றி வைத்த பாட்டுகள் பாதிக்கு மேல் இன்னும் ‘டிராக் 01’ என்றே கிடக்கின்றன.

ஒரு பைசா வாங்காதவர்கள் செய்த வேலை இது. அமிகா கணினிக்கான மாட் ஃபைல்களோடு (சின்ன ஒலித்துண்டுகளும் அவற்றை வாசிக்கும் வரிசையும் மட்டும் அடங்கியவை) 1996-ல் தொடங்கிய மோனோடோனிக், எதிரொலி நிறைந்த டப் டெக்னோவுக்கு ஜெர்மனியின் தின்னர், மெல்ல மிதக்கும் ஆம்பியன்ட் இசைக்கு அதன் துணை லேபிள் ஆட்டோப்ளேட், எட்டு பிட் ஒலியில் ரெகே செய்யும் லைப்சிக் நகரத்து ஜாதாரி, மாட் ஃபைல் உருவாக்கும் டிராக்கர் மென்பொருள்களின் உலகிலிருந்து வந்த கஹ்வி. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறக்கிய காலம் அது. ஒரு முழுப் பாட்டும் சில நூறு கிலோபைட்டில் அடங்கிய மாட் ஃபைல் அப்போது எனக்குப் பெரிய வரம். எத்தனையோ லேபிள்கள் மூடிவிட்டன, தளங்களும் போய்விட்டன. இசை மட்டும் இன்டர்நெட் ஆர்க்கைவின் நெட்லேபிள் தொகுப்பில் கேட்டலாக் எண்ணோடு இருக்கிறது. ரெக்கவரியில் உடைந்துபோன ஃபைல்களை அங்கிருந்துதான் திரும்ப எடுத்தேன்.

இத்தனை அக்கறை உள்ளவர்கள் டிராக்குக்கும் டிராக்குக்கும் நடுவே வரும் அந்த விக்கலை ஏன் விட்டுவைத்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இரவு பதினொரு மணி, விளக்கு அணைத்தாயிற்று, ஹெட்போனில் ஆம்பியன்ட் ஆல்பம். மூன்றாவது டிராக் முடியாமலே நான்காவதாக மாறவேண்டும். கலைஞர் அப்படித்தான் அமைத்திருக்கிறார். சரியாக அந்த இடத்தில் ஒலி ஒரு கணம் அறுந்து ‘டிக்’ என்று மறுபடி தொடங்குகிறது. நெய் மணக்கும் பொங்கலில் கல் கடிபட்ட மாதிரி. பத்து டிராக் என்றால் ஒன்பது கல்.

குற்றம் லேபிள்காரர்களுடையது மட்டும் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் (ஒலியை அளந்த புள்ளி) கொண்ட துண்டுகளாக்கித்தான் எழுதும். நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில் ஒரு துண்டு சுமார் 26 மில்லிநொடி. பாட்டு ஒரு துண்டின் நடுவில் முடிந்தால் மிச்ச இடத்தை மௌனம் நிரப்பும். தொடக்கத்திலும், எம்பி3 ஆக்கும் மென்பொருளான என்கோடர் கொஞ்சம் மௌனம் சேர்க்கும். லேம் என்ற என்கோடர் எவ்வளவு சேர்த்தோம் என்பதை ஃபைலின் தலையிலேயே குறித்து வைக்கும். ப்ளேயர் அதைப் படித்து வெட்டிவிட்டால் விக்கலே வராது. என் காரில் இருக்கும் ப்ளேயரும், பென் டிரைவ் செருகும் ஸ்பீக்கரும் அதைப் படிப்பதே இல்லை.

அது சரி. ஆனால் ஓக் வோர்பிஸ், ஒலி தேயாத ஃப்ளாக் என்ற வேறு இரண்டு ஃபைல் வடிவங்களும் பாட்டின் நீளத்தை சாம்பிள் பிசகாமல் வைத்திருப்பவை. ஒன்றோடொன்று ஒட்டி ஓடும் ஆல்பத்தை எம்பி3-ல் மட்டும் வெளியிட்டவர்கள், கூடவே முழு ஆல்பத்தையும் ஒரே ஃபைலாகத் தந்திருக்கலாம். கேட்டலாக் எண்ணில் ஒரு பூஜ்யம்கூடப் பிசகவிடாதவர்கள் தங்கள் ஆல்பத்தைத் தாங்களே ஒருமுறை தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்டிருக்க மாட்டார்களா? இலவசமாகக் கொடுத்தவரிடம் கோபப்படக் கூடாது என்பார்கள். நேசித்துக் கேட்பவனுக்குத்தானே கோபமும் வரும்.

ஆர்க்கைவில் ஃப்ளாக் இருந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். லேபிள் எம்பி3 மட்டும் ஏற்றியிருந்தால், பக்கத்தில் இருக்கும் ஓக்கை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் அந்த எம்பி3-லிருந்து தானாக உருவானது, ஒலி இன்னும் தேய்ந்திருக்கும். 64 கேபிபிஎஸ் என்று போட்டிருப்பது மிகவும் சுருக்கியது, பக்கமே போகவேண்டாம். நான் எம்பி3-க்களைச் சுருக்காத வேவ் ஃபைல் ஆக்கி, லேம் குறிப்பின்படி மௌனத்தை வெட்டி, ஒரே ஃபைலாக ஒட்டி வைக்கிறேன். இதுவரை நாற்பது ஆல்பம் முடிந்திருக்கிறது.

முந்தாநாள் நண்பன் போன் செய்து, நெட்லேபிள் இசையில் இறங்கலாமா என்று கேட்டான். இதுவரை எழுதியதைப் படித்தால் ஆமாம் என்றிருப்பேன் என்று தோன்றும். வேண்டாம்டா என்றுதான் சொன்னேன். அப்போதுதான் எனக்கு மிகப் பிடித்த ஆல்பத்தை ஒட்டி முடித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாவது டிராக்கும் ஆறாவதும் சேரும் இடத்தில் விக்கல் அப்படியே இருக்கிறது. அந்த ஃபைல்களில் லேம் குறிப்பு இல்லை, லேபிளின் தளமும் இல்லை. இன்றிரவு அலைவடிவத்தைப் பெரிதாக்கி வைத்துக் கையாலேயே வெட்டப் போகிறேன்.